மூன்று முறை 'மாட்டேன்' வாங்கிவந்த டீச்சர்

டீச்சர் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் குடிவர நான்கு நாள் பிடித்தது. சாமான் ஏற்றுவதற்கு அல்ல. அவரிடம் இருந்ததே ஒரு பெட்டியும் ஒரு துணிமூட்டையும்தான். நான்கு நாளும் எங்கள் நைனாவிடம் கேட்பதிலேயே போயிற்று.

முதல் நாள் நைனா, "வாடகைக்கு இல்லம்மா" என்றார். அவர் தலைக்கு மேலே 'டு லெட்' பலகை ஆடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு ஆள், என்ன சமைப்பாளோ, யார் யார் வருவார்களோ என்று அவருக்குப் பயம். நகரியில் நாற்பது வருஷம் பவர்லூம் ஓட்டிவிட்டுத் திருப்பதிக்கு வந்தவர் அவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். அந்தக் குரலில் 'இல்லம்மா' என்றால் கேட்டவர்கள் தெருமுனை தாண்டும்வரை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த அம்மாளோ வரம் கிடைத்தவர்போலச் சிரித்தார். நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்து, "மால்த்யோஷ்" என்றார். அவர் பாஷையில் நன்றி. ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தார். 'இல்லை'. மால்த்யோஷ். ஒரு பாக்கெட் பன். மூன்றாம் நாளும் வந்தார். நான்காம் நாள் நைனா சாவியை எடுத்து நீட்டிவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார்: "இல்லன்னா மூஞ்சி சுருங்கணும் இல்ல? இந்தம்மா சந்தோசமா போவுது, சந்தோசமா வருது. மனுசன் என்னாதான் பண்றது?"

டீச்சர் குவாத்தமாலா நாட்டு மலைப்பகுதியில் பள்ளிக்கூட டீச்சர். மாயா மக்களில் கிச்சே என்கிற பிரிவு. விதை பாதுகாப்பைப் பற்றி ஒரு வருஷப் பயிற்சிக்காகத் திருப்பதிக்கு வந்திருந்தார். மாயா என்றால் கோயில் கட்டிவிட்டுக் காணாமல் போனவர்கள் என்று நான் செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். ஞானத்தை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. முதல் வாரமே என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன்.

"நீங்க எல்லாரும் காணாமப் போயிட்டீங்களாமே?"

மாடிப்படியில் உட்கார்ந்து பின்னலோடு ஒரு நீளமான ரிப்பனைச் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார். யோசித்தார். "அப்படியா? எங்க ஊர் பஸ்ல அது தெரியறதே இல்ல. உக்கார எடமே கெடைக்காது."

அவர் இங்கிலீஷ் ஸ்பானிஷ் வழியாக வந்தது. என் இங்கிலீஷ் நகரி வழியாகப் போனது. இரண்டும் வழியில் எங்கோ சந்தித்துக்கொண்டன. இங்கே அவர் பேச்சை நான் தமிழில் எழுதுவதால் சரளமாகத் தெரியும். ஏமாறாதீர்கள்.

பார்க்க நம்மூர் ஆள் மாதிரியே இருப்பார். என் தோள் உயரம், நம் நிறம், பூவேலை நெய்த சிவப்பு ரவிக்கை, இடுப்பில் சுற்றிக் கச்சையால் இறுக்கிய கெட்டித் துணிப் பாவாடை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் கிராமத்துப் பெண்கள் அவரிடம்தான் வழி கேட்பார்கள். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் நானே பார்த்தேன். ஒரு அம்மாள் சித்தூர் பஸ்ஸைக் காட்டித் தெலுங்கில் ஏதோ கேட்க, டீச்சர் நிதானமாக, "புத்தலப்பட்டு மீதுகா வெள்துந்தி" என்றார். புத்தலப்பட்டு வழியாகத்தான் போகும். பதினாலு வருஷம் திருப்பதியில் குப்பை கொட்டிய எனக்கே அது சரிதானா என்று கண்டக்டரைக் கேட்க வேண்டியிருந்தது. சரிதான்.

சமையல் விஷயத்தில் நைனா பயந்தது வீண். டீச்சர் சமைத்தது பெரும்பாலும் மக்காச்சோளம். ஆனால் அதைச் சுண்ணாம்பு போட்டு வேகவைப்பார். "சுண்ணாம்பு வாங்கி வர முடியுமா?" என்று கேட்டபோது நான் பீடாக் கடைக்குப் போய் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எட்டு டப்பா வாங்கிவந்தேன். கடைக்காரர் என் பல்லைக் குனிந்து பார்த்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்து, இரவெல்லாம் ஊறிய சோளத்தைக் காலையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல் கழன்று வரும். அதை அரைத்து, உள்ளங்கையிலேயே பட்பட்டென்று தட்டிக் கல்லில் போட்டு ரொட்டி. கீழே எங்கள் அம்மா அந்தப் பட்பட் சத்தத்தை வைத்துத்தான் மணி சொல்வாள்.

அம்மா ஒரு ரொட்டியை வேர்க்கடலைச் சட்னியில் தொட்டுத் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்: "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. ஆனா ரெண்டு துன்னா மத்தியானம் பசிக்க மாட்டேங்குது. நம்ம ஊட்டு தடியனுக்கு இத்தயே போடலாம்." தடியன் நான்.

சோளம் ஒரு மணி கீழே விழுந்தால் டீச்சருக்குப் பொறுக்காது. மனுஷ உடம்பே சோளத்தால் ஆனது என்பது அவர்கள் நம்பிக்கை. தரையில் கிடந்தால் அது அழுமாம். ஒரு முறை ரோட்டோரக் கடையில் மொக்கஜொன்ன என்கிற சுட்ட சோளக் கதிரைக் கடித்துக்கொண்டே நடந்தேன். பின்னால் டீச்சர் குனிந்து குனிந்து வருகிறார். நான் சிந்தியதையெல்லாம் பொறுக்கி முந்நூறு அடி வந்திருக்கிறார். "உன் வாய்க்கு ஒரு கதவு வேணும்" என்றார். ஊரே பலகாலமாகச் சொல்வதுதான். இவர் சோளத்தைப் பற்றிச் சொன்னார் என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

எதையும் கேட்காமல் தொட மாட்டார். கொல்லைக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொத்து பறிக்க அம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மா, "எடுத்துக்கம்மா, இதுக்குப் போயி" என்றாள். பிறகு செடியின் முன்னால் நின்று செடியிடம் கேட்டார். அப்புறம் பறிக்காமல் திரும்பி வந்தார்.

"என்னா ஆச்சி?"

"இன்னிக்கு வேணாம்னு தோணுது. நாளைக்குக் கேக்கறேன்."

அம்மா செடியை முறைத்தாள். "என் ஊட்டு செடிக்கு இவ்ளோ திமிரா?"

கிச்சே மக்களுக்கு இருபது நாளுக்கு இருபது பெயர். சுற்றிச் சுற்றி வரும். விடிகிற நேரத்தில் மாடியில் கிழக்கே பார்த்து நின்று அன்றைய நாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணங்குவார். கொஞ்சம் சாம்பிராணி போடுவார். அவர் ஊரிலும் அதே மாதிரி ஒரு பிசின் இருக்கிறதாம். எங்கள் வீட்டுத் தெலுங்குக் காலண்டரில் நைனாவிடம் கேட்டு (இரண்டு முறை) ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் தன் நாளை எழுதிவைத்தார். அதில் ஒன்று பாட்ஸ். நூலுக்கான நாள், நெய்கிறவர்களுக்கும் கல்யாணப் பேச்சுக்கும் நல்ல நாள் என்றதும் நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அது நம்ம நாளும்மா!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இப்போது என் கதைக்கு வர வேண்டும். எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. தலைமுடி எனக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. பதினோரு இடத்தில் பெண் பார்த்துப் பதினோரு இடத்திலும் என் வாயால் கெட்டது. பன்னிரண்டாவது நாராயணவனத்தில். பெண் பத்மா, புத்தூரில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அவள் அப்பா ரிட்டையர்டு டிரில் மாஸ்டர். விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை, மீசை மட்டும் பளபளவென்று கறுப்பு. அம்மா என் தொடையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். கிள்ளல் ஒரு நொடி தளர்ந்தது, என் வாய் திறந்துகொண்டது.

"மாஸ்டர், தல ரிட்டையர் ஆயிடுச்சி. மீசைக்கு இன்னும் சர்வீஸ் இருக்குதா?"

உள் அறையிலிருந்து ஒரு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பத்மா. அந்தச் சிரிப்பைக் கேட்ட நொடியில் எனக்கு இந்தப் பெண்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதே சிரிப்பைக் கேட்ட நொடியில் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "பொண்ணு குடுக்கறதா இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் வாயே திறக்கவில்லை. கண்ணாடிக் கடையில் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். அம்மா அழுதாள். நைனா கத்தினார். டீச்சர் மாடியிலிருந்து இறங்கிவந்து என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "எப்போ திரும்பப் போறீங்க?" என்றார்.

"திரும்ப எங்க போறது? மாட்டேன்னுட்டாரே" என்றார் நைனா.

"முதல் தடவையே சரின்னு சொல்ற அப்பா இருப்பாரா? பொண்ணுக்கு ஏதோ கொறைன்னு ஊர் நெனைக்காதா?"

அவர் ஊரில் பெண் கேட்பதற்கென்றே ஒருவர் உண்டாம். காமல்பே, அதாவது வழி காட்டுகிறவர். பையன் வீட்டார் அவர் பின்னால் விடியுமுன் போய் வாசலில் நிற்க வேண்டும். அவர்தான் பேசுவார். பெண்ணின் அப்பா மாட்டேன் என்பார். நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். மறுபடி போக வேண்டும். டீச்சரின் அப்பா அவர் ஊருக்கு அந்த வேலையைத்தான் செய்தவர். "நான் வரேன். எனக்கு வார்த்தை தெரியும்."

"ஒரு தடவ இல்லன்னப்புறம் போயி நின்னா வெக்கங்கெட்டவங்கன்னு சொல்வாங்கம்மா" என்றாள் அம்மா.

"வெக்கம் எதுக்கு? கேக்கறதுதானே நம்ம வேலை. இல்லைன்னு சொல்றது அவர் வேலை. ரெண்டு பேரும் வேலையை ஒழுங்கா செய்யணும்."

நைனா ரொம்ப நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் எழுத்தில் விரல் வைத்தார். "வர்ற செவ்வா பாட்ஸ். விடியறதுக்குள்ள போய்ட்டு வந்துட்டா ராகு காலமும் இல்ல, எமகண்டமும் இல்ல. ராகுவும் எமனும் அந்நேரத்துக்கு எந்திரிக்கவே மாட்டாங்க." பிறகு டீச்சர் என்னைப் பார்த்து ஒரே ஒரு விதி சொன்னார்: "மாப்பிள்ளை பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

நான்கரை மணிக்கு நாராயணவனத்தில் மாஸ்டர் வீட்டு கேட்டின் முன்னால் நின்றோம். டீச்சர் கையில் கூடை: பழம், பன், சாக்லேட், மெழுகுவத்தி, ஒரு கூல்டிரிங்க் பாட்டில். அவர் ஊரில் சாராயம் வைப்பார்களாம். நைனா வேண்டாம் என்றுவிட்டார். மாஸ்டர் அரை டிராயரில் உள்ளே தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாதியில் அப்படியே நின்றார்.

டீச்சர் தலை குனிந்து தன் கிச்சே பாஷையில் ஆரம்பித்தார். இரண்டு இரண்டு வாக்கியமாக, ஒன்று போட்டால் அதன் ஜோடி, பாட்டுமில்லை பேச்சுமில்லை. பிறகு இங்கிலீஷில். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "பத்மா! யாரிவங்க? இன்னா சொல்றாங்க?"

பத்மா முட்டாக்குப் போட்டுக்கொண்டு கையில் துடைப்பத்தோடு வந்தாள். கேட்டாள். அப்பாவுக்குச் சொன்னாள்:

"நைனா, இந்த வாசலுக்கு வணக்கமாம், இந்த முற்றத்துக்கு வணக்கமாம். இந்த அப்பாவுக்கும் வணக்கமாம், இந்த அம்மாவுக்கும் வணக்கமாம். உங்க தூக்கத்த கெடுத்தாங்களாம், உங்க வேலய கெடுத்தாங்களாம், மன்னிச்சிக்கணுமாம். இந்த ஊட்ல ஒரு பூ இருக்குதாம், அத கேக்க வந்தாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பூன்னா நான்தான்."

"பையனப் பத்தி இன்னா சொல்றாங்க?"

"பையன் ஒண்ணும் பெரிய ஆளு இல்லியாம். வாய் ஓட்டயாம். தெரிஞ்சேதான் கூப்ட்டுக்கினு வந்தாங்களாம்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். என் நாக்கின் நுனியில் மூன்று பதில் வரிசையில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "குடுக்கறதா இல்ல" என்றார் மாஸ்டர். டீச்சர் முகம் மலர்ந்தது. மால்த்யோஷ். கூடையோடு திரும்பினோம். பஸ்ஸில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் மட்டும் பன்னைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார். "நல்ல அப்பா. கூடையை எட்டிக்கூடப் பாக்கல" என்றார்.

இருபது நாள் கழித்து அடுத்த பாட்ஸ். அதே நேரம், அதே கேட். இந்த முறை மாஸ்டர் வேட்டி கட்டியிருந்தார். மாட்டேன் என்றார், ஏன் என்றும் சொன்னார். கண்ணாடிக் கடை வேலை, முடி, வாய். விரல் விட்டு எண்ணினார். பத்மா ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தாள். முடியைப் பற்றிச் சொல்லும்போது வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "காரணம் சொல்றார்னா யோசிச்சிருக்கார்" என்றார் பஸ்ஸில்.

மூன்றாவது முறை கேட் திறந்தே இருந்தது. நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பத்மாவின் அம்மா காபி கொண்டுவந்தாள். மாஸ்டர் பத்மா வழியாக டீச்சரைக் கேட்டார்: "உங்க கல்யாணத்துக்கு எத்தினி தடவ வந்தாங்க?"

"ஏழு. எங்க அப்பா ஊருக்கெல்லாம் பெண் கேட்டவர். ஆனா எங்க வாசல்ல அவிழ்த்துவிட்ட நாயோட உக்காந்திருந்தார்."

"அவ்ளோ எதுக்கு?"

"இல்லைன்னு கேக்கும்போது ஒரு ஆள் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும் இல்லையா? கல்யாணத்துக்கு அப்புறம் உங்க பொண்ணு எத்தனை தடவை இல்லைன்னு சொல்லுவா. அப்போ போய் யார் பாக்கறது? இப்பவே பாத்துக்கணும்."

பத்மா இதைத் தமிழில் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டர்தான் பார்த்தார். டிரில் கிளாஸில் வரிசை கோணலா என்று பார்ப்பதுபோல, காபி ஆறும்வரை என் மூஞ்சியைப் பார்த்தார். அவர் மீசை அன்று பாதி வெளுத்திருந்தது; அதைப் பற்றி எனக்குள் ஒரு அருமையான வாக்கியம் உருவாகி, தொண்டைவரை வந்து, திரும்பிப் போயிற்று. "இல்லீங்க. முடியாது" என்றார் மாஸ்டர். ஆனால் கொஞ்சம் மெதுவாக.

அவ்வளவுதான். டீச்சரின் பயிற்சி முடிந்துவிட்டது. மூன்றாவது 'மாட்டேன்' வாங்கிய பதினோராம் நாள் அவருக்கு விமானம். டாக்ஸி வந்து நின்றது. டீச்சர் மாடிச் சுவரிடம், படியிடம், கறிவேப்பிலைச் செடியிடம் சொல்லிக்கொண்டார். கடைசியாக அம்மாவின் முன்னால் வந்து தலை குனிந்து, போக அனுமதி கேட்டார்.

"கெடையாது" என்றாள் அம்மா.

டீச்சர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். கேட்டுக்கு வெளியே போனார். ஒரு நிமிஷம் நின்றார். திரும்பி வந்து கேட்டார்.

"கெடையாது, போ" என்றாள் அம்மா. அவள் மூக்கு சிவந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். நைனா டிரைவரைப் பார்த்துக் கத்தினார். மூன்றாம் முறை டீச்சர் கேட்டபோது அம்மா அவர் பின்னலைத் தொட்டு ரிப்பனைச் சரிசெய்து, போய்ட்டு வா என்று தலையை ஆட்டினாள்.

ஒன்பது நாள் கழித்து அடுத்த பாட்ஸ். பென்சில் எழுத்து காலண்டரில் இருந்தது. எங்களில் யாருக்கும் கிளம்பத் தைரியம் இல்லை. பேசத் தெரிந்தவர் போய்விட்டார். பேசத் தெரியாமல் பேசுகிறவன்தான் மிச்சம். காலை ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

"ஏம்பா, மாஸ்டர் பேசறேன். இன்னிக்கி இருவது நாளு இல்ல? நாலு மணியிலருந்து கேட்ட தெறந்து வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கிறேன். காபி ரெண்டு வாட்டி ஆறிப் போச்சி. எங்க எல்லாம்?"

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். அவர் சலவை வேட்டி சட்டையில் நாற்காலியில் விறைப்பாக இருந்தார். என் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மா எங்க?"

"ஊருக்குப் போயிட்டாங்க, மாஸ்டர்."

அவர் முகம் அப்படியே தொங்கிவிட்டது. "அப்ப நான் யார்கிட்ட சொல்றது? ராத்திரியெல்லாம் யோசிச்சி, சரின்னு சொல்லலாம்னு வெச்சிருந்தேன். ஒன்கிட்ட சொல்ல முடியாதே. நீ மாப்பிள்ள. ஒனக்கு பேசற ரைட்ஸே இல்ல."

பத்மா சத்தமில்லாமல் போனை எடுத்து வீடியோ கால் போட்டாள். டீச்சரின் நம்பர் அவளிடம் இருந்தது. இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் டீச்சர் தெரிந்தார். அடுப்படியில் சோளம் கழுவிக்கொண்டிருந்தார். ஜன்னலில் அங்கே சாயங்காலம்.

மாஸ்டர் தொண்டையைச் செருமி எழுந்து நின்றார். பத்மா விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் சிரித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லை. இப்போ வாங்கிக்க முடியாது."

"இன்னாவாம்?" என்றார் மாஸ்டர்.

"நைனா, அவங்க ஊர்ல இன்னும் நேத்தாம். நாய்க்கான நாளாம். அவங்களுக்கு விடிஞ்சாத்தான் பாட்ஸாம். நம்ம கணக்குக்கு சாய்ங்காலம் அஞ்சரைக்குக் கேக்கணுமாம்."

டீச்சரிடம் மூன்று முறை மாட்டேன் என்ற மனிதர், கேட்ட முதல் மாட்டேனில் அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமே. கொஞ்சம் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது. அவராகவே நெஞ்சில் கைவைத்தார். "சரிம்மா. மால்த்யோஷ்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அதுவரிக்கும் இங்கயே ஒக்காரு. வாய மட்டும் தொறக்காத."

கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இட்லி வந்தது, சாப்பாடு வந்தது, பஜ்ஜி வந்தது. எதைப் பற்றியும் கருத்துச் சொல்லவில்லை. நைனாவும் அம்மாவும் மூன்று மணி பஸ்ஸில் வந்துசேர்ந்து, நான் மௌனமாக இருப்பதைப் பார்த்து, இந்த இடமும் கெட்டுப்போய்விட்டது என்று முதலில் பயந்தார்கள்.

அஞ்சரைக்குப் போன் எடுத்தபோது டீச்சர் புதுச் சிவப்பு ரவிக்கையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் காத்திருந்தார். பின்னால் மலையில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் சரி என்றார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கிச்சேயில் பதில் சொன்னார். ஜோடி ஜோடியாக, நீளமாக, பத்து நிமிஷம். பத்மா மொழிபெயர்க்கவில்லை; அவளுக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, இங்கிலீஷில் சொல்லுங்கள் என்று கேட்கவும் இல்லை. மாஸ்டர் கைகட்டி நின்று கடைசிவரை கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா என்னமா பேசறாங்க பாரு! நீயுந்தான் ஒரு வாய வெச்சிக்கினு இருக்கியே!"